இரண்டு வீட்டிலும் இல்லாதவள்

டீச்சருக்கு அந்த நோயின் பெயரே தெரியாது என்று முதல் வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேறென்ன நினைப்பது? அந்தப் பெயர் கொட்டை எழுத்தில் அச்சான கணக்கெடுப்புப் பாரங்களைக் கட்டுக்கட்டாகச் சுமந்துகொண்டு, ஒரு தடவைகூட அதை வாயால் சொல்லாமல் ஒருவர் வீடு வீடாக ஏறி இறங்குகிறார் என்றால்? "அந்த இது" என்பார். சொல்லும்போது கண் மேலே போய்விடும், உத்தரத்தில் பல்லி நிற்கிறதா என்று பார்ப்பது போல. "உங்க குடும்பத்துல அந்த இது எதுவும் இல்லையே?" என்பார். கேட்டு முடிப்பதற்குள் அவர் தலை இடவலமாக ஆடத் தொடங்கிவிடும். எதிரே உட்கார்ந்திருக்கிற அம்மாளும் தன்னை அறியாமல் கூடவே ஆட்டுவாள். டீச்சர் 'இல்லை' என்ற கட்டத்தில் அழகாக ஒரு டிக் போடுவார். அவ்வளவுதான். பதினேழாவது கேள்வி முடிந்தது.

அவரோடு எட்டு மாதம் வேலை பார்த்தேன். அதில் ஏழு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

எண்பதுகளின் தொடக்கம். விலங்கியலில் பட்டம் வாங்கிய சூடு ஆறாத வயது எனக்கு. மதுரையின் மேற்குப் பக்கத்திலும் செல்லூரிலும் வீடு வீடாகப் போய், குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று கேட்டு எழுதும் தற்காலிக வேலை. நோய் எந்த வம்சத்தில் எந்தக் கிளையில் இறங்குகிறது என்று படம் போட்டுப் பார்த்துவிடலாம், எத்தனையோ உயிரைக் காப்பாற்றிவிடலாம் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். குடும்ப மரம் வரைவதற்காகவே மூன்று கலர் பென்சில் வாங்கியிருந்தேன். எனக்கு ஜோடியாகப் போட்டார்கள் டீச்சரை.

டீச்சர் என்றால் நிஜ டீச்சர் இல்லை. பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, கார்டைப் புதுப்பித்துப் புதுப்பித்தே நாற்பதைத் தொட்டவர். கல்யாணமும் ஆகவில்லை. கோச்சடையில் அண்ணன் வீட்டில் இருந்தார். ஆனால் கறுப்புக் குடை, மூக்குக் கண்ணாடி, பின் குத்திய சேலை என்று தினமும் காலையில் காளவாசல் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பதைப் பார்த்தால் யாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை அவர் "பட்டதாரி" என்பார். அதில் பாதி செல்லம், பாதி குத்தல்.

முதல் பதினாறு கேள்விகளில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். நான் போய் நின்றால் "சர்க்காரா? குடும்பக் கட்டுப்பாடா? ஒண்ணும் வேணாம்" என்று கதவைச் சாத்துவார்கள். டீச்சர் குடையை மடக்கிக்கொண்டே, "ஏத்தா, ஒரு செம்பு தண்ணி குடு. வெயிலு மண்டையப் பொளக்குது" என்று படியில் உட்கார்ந்துவிடுவார். செம்பு காலியாவதற்குள் அந்த வீட்டில் எத்தனை பிரசவம், எத்தனை தங்கியது, வீட்டுக்காரர் எந்தக் கிழமையில் குடிக்கிறார், மாமியாருக்கு எந்தக் காது கேட்காது என்பது வரை வந்துவிடும். நான் கை வலிக்க எழுதுவேன். போகும்போது முறுக்கு வேறு கட்டிக்கொடுப்பார்கள்.

பதினேழாவது கேள்வி வந்ததும் மட்டும் கண் உத்தரத்துக்குப் போய்விடும்.

"டீச்சர், நீங்க கேக்குறீங்களா, பதில் சொல்லிக் குடுக்குறீங்களா?"

"கேக்கத்தான செய்றேன்."

"பதிலையும் நீங்களே சொல்லிட்டா அவங்களுக்கு என்ன மிச்சம்?"

"நிம்மதி மிச்சம். வா, பஸ் வருது."

ஒரு வீட்டில் அந்தக் கேள்வியின்போது அம்மாளின் கண் தானாகச் சுவரில் மாட்டியிருந்த படத்துக்குப் போனது. முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். "இல்லைல்ல? இல்லைன்னே போட்டுருவோம்" என்று டீச்சர் அவசரமாக டிக் போட்டுவிட்டார். கிளம்பும்போது அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. தெருவுக்கு வந்ததும் நான் கத்தினேன்.

"அந்தம்மா வீட்ல இருந்திருக்கு டீச்சர்!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா இல்லைன்னு போட்டீங்க?"

"தெரிஞ்சுதான் போட்டேன். எல்லாத்தையும் தெருவுல நின்னு கத்துவியா நீ?"

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. 'ஆம்' என்று எழுதின வீட்டுப் பெண்களுக்கு மட்டும்தான் அலுவலகத்திலிருந்து கார்டு போகும். அந்தக் கார்டோடு வந்தால், மாதக் கடைசியில் காளவாசல் கல்யாண மண்டபத்தில் நடக்கிற முகாமில் லேடி டாக்டர் பரிசோதிப்பார். ஏதாவது இருந்தால் மேற்கொண்டு வைத்தியத்துக்கும் வழி செய்வார்கள். டீச்சரின் ஒவ்வொரு டிக்கும் ஒரு வீட்டின் கதவை அடைத்துக்கொண்டிருந்தது. இது அவருக்குத் தெரியாதா?

எங்கள் பாரக்கட்டைப் புரட்டிப் பார்த்த அதிகாரி சிரித்தார். "என்னம்மா, இந்த வட்டாரத்துல எல்லாரும் சாகாவரம் வாங்கிட்டாங்களா?" எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டீச்சர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளிலிருந்து நான் தனியாகக் கேட்க ஆரம்பித்தேன். காளவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில், எனக்கு முதல் 'ஆம்' கிடைத்தது. வீட்டுக்காரரின் அம்மாவும் அக்காவும் அதே நோயில் போனவர்கள். அந்த வீட்டு அம்மாள் ஒளிக்காமல் சொன்னாள். மூன்று கலரிலும் மரம் வரைந்தேன். அன்றைக்குப் பஸ்ஸில் எனக்கு உட்காரவே தோன்றவில்லை, அத்தனை சந்தோஷம்.

பத்து நாளில் கார்டு போனது. கார்டு என்றால் தபால் கார்டு. மூடாத, ஒட்டாத, எல்லோரும் படிக்கிற கார்டு. 'தங்கள் குடும்பத்தில் புற்றுநோய் இருப்பதாகத் தெரிவதால்' என்று அச்சடித்தது. தபால்காரர் குழாயடியில் வைத்து வாசித்துக்காட்டிக் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தட்டு மாற்ற நாள் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மறுநாளே வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள்.

அந்த அம்மாள் என்னைத் தேடிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கே வந்துவிட்டாள். "ஏம்மா, நீ கேட்ட, நான் சொன்னேன். ஊரக் கூட்டி வாசிக்கவா சொன்னேன்? நீயும் ஒரு பொம்பளப் பிள்ளதான?" அழுது முடிக்கிற வரைக்கும் டீச்சர் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவள் போன பிறகு என்னிடம் ஒரே வார்த்தைதான்: "கலர் பென்சில் வாங்குனியே, அதுல ஒண்ணு குடு. எங்கண்ணன் பிள்ளைக படம் வரையுதுக."

அன்றைக்கு அவரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காமல் போனது. தப்பு கார்டில் இருக்கிறதா, கேள்வியில் இருக்கிறதா? கார்டை உறையில் போட்டு அனுப்பச் சொல்லி அலுவலகத்தில் சண்டை போட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள். இன்னொரு சண்டையும் போட்டேன். எங்கள் பாரத்தில் யார் பதில் சொன்னாலும் குடும்பத் தலைவருடைய ரத்த சொந்தம்தான் கணக்கு. "அப்ப அந்த வீட்டுக்கு வந்த மருமகளுக்கு இருந்தா? அவ பெத்த பிள்ளைகளுக்கு அது ரத்தமில்லையா சார்?" அதிகாரி என்னைப் பார்த்தார், பாரத்தைப் பார்த்தார். "அச்சடிச்சாச்சேம்மா" என்றார்.

செல்லூர் முறை வந்தது. பெரும்பாலும் விசைத்தறித் தெருக்கள். டீச்சர் எல்லாத் தெருவுக்கும் வந்தார், ஒன்றைத் தவிர. "அந்தத் தெருவ நீ பாத்துக்க. அங்க நாய்க் கடி சாஸ்தி." காளவாசல் சந்துகளில் ஏழெட்டு நாய்களைக் குடையை ஆட்டியே விரட்டினவர் சொல்கிற பேச்சா இது? சரி என்று தனியாகப் போனேன். ஒரே ஒரு கிழட்டு நாய் படுத்திருந்தது. தலையைக்கூடத் தூக்கவில்லை.

நான்காவது வீடு. நாலு தறி ஓடிக்கொண்டிருந்தது. தறி ஓடும்போது செல்லூரில் ரகசியம் பேச முடியாது. வாயைக் காதருகே கொண்டுபோனாலும் கத்தத்தான் வேண்டும்.

"அண்ணே, உங்க சொந்தத்துல யாருக்காச்சும் புற்றுநோய் இருந்துச்சா?"

"என்னாது?"

"புற்றுநோய்ண்ணே!"

"கேக்கலம்மா!"

"கேன்சர்! கேன்சர்!"

சரியாக அந்த நொடியில் கரண்டு போனது. தெரு முழுக்கத் தறி நின்றது. என் குரல் மட்டும் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் முளைத்தன.

அவர் முகம் இறுகிவிட்டது. பின்னால் பத்தொன்பது வயதிருக்கும் ஒரு பெண் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். "அப்பா, அம்மாவுக்கு" என்று வாயெடுத்தாள். "உள்ள போ" என்றார். பிறகு குரலை இறக்கி என்னிடம் சொன்னார்: "என் சம்சாரம் அதுலதான் போனா. ஆனா அவ வந்தவ. எங்க ரத்தம் கெடையாது. ரத்த சொந்தம்னுதான உங்க பாரத்துல போட்டிருக்கு? நானும் எழுத்துக் கூட்டுவேன். இல்லைன்னு போடுங்க. அவ பொறந்த வீட்ல போய் எழுதிக்கங்க."

பாரத்தின்படி அவர் சொன்னது சரி. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

தெருமுனையில் அந்தப் பெண் குடத்தோடு என் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"அக்கா, எங்கம்மாவ எந்த வீட்ல எழுதுவீங்க?"

"அம்மா பொறந்த வீடு எது?"

"கோச்சடை. அங்க எங்க மாமா இருக்காரு. சித்தியும் அங்கதான். சித்தியும் உங்கள மாதிரிதான், பாரம் எழுதப் போகுது. கறுப்புக் குட வச்சிருக்கும்."

நாய்க் கடி எது என்று எனக்கு அப்போது புரிந்தது. டீச்சருக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்தி இருந்தாள் என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் குடத்தை இடுப்பில் மாற்றி வைத்தாள். "அம்மாகிட்டருந்து அது வருமாக்கா? எனக்குக் கட்டி ஒண்ணு இருக்கு. கொட்டைப்பாக்குத் தண்டி. அப்பாட்ட எப்பிடிச் சொல்ல? ஆஸ்பத்திரின்னா ஆம்பள டாக்டருதான இருப்பாங்க?"

முகாம், லேடி டாக்டர், கார்டு எல்லாவற்றையும் படபடவென்று சொன்னேன். சொல்லும்போதே நாக்கு குழறியது. அவள் வீட்டுக்குக் கார்டு வராது. சற்று முன்புதான் 'இல்லை' என்று எழுதினேன். ஆனால் கோச்சடையில் 'ஆம்' விழுந்தால் அந்த வீட்டுக்குக் கார்டு வரும். அதை வைத்துக்கொண்டு சித்தியோடு இவளையும் உள்ளே தள்ளிவிடலாம். "கோச்சடைல எழுதிருவாங்க, நீ கவலப்படாத" என்றேன்.

டீச்சரிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவர் மறைத்தார், நானும் மறைத்தேன். அவர் வீட்டு வாசலிலேயே, நேருக்கு நேர், கேள்வியை வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி. மூன்று நாளில் கோச்சடைப் பட்டியல் வந்தது.

தன் வீட்டில் டீச்சர் வேறு ஆளாக இருந்தார். குடையை வெளியிலேயே வைத்துவிட்டு அடுப்படி வாசலில் போய் ஒண்டிக்கொண்டார். அண்ணன் நல்ல மனுஷன். வயலிலிருந்து வந்த கையோடு எனக்குக் காப்பி போடச் சொன்னார். பதினாறு கேள்விக்கும் பதில் சொன்னார். பதினேழை நான் பெயர் சொல்லியே கேட்டேன்.

"இல்லம்மா."

"உங்க அம்மா எதுல போனாங்க?"

"வயித்து வலில."

"செல்லூர்ல கட்டிக்குடுத்த உங்க தங்கச்சி?"

அடுப்படியில் ஏதோ பாத்திரம் உருண்டது. அவர் என்னையே பார்த்தார். "அவ அந்த வீட்டு ஆளு. கட்டிக்குடுத்தாச்சு. அங்க போய் எழுதிக்கங்க."

"போனேண்ணே. அவரு இங்க எழுதச் சொன்னாரு. செத்தவங்க எந்த வீட்லதான் இருக்காங்க?"

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார். "இந்தா நிக்கிறாளே, இவளப் பொண்ணு பாக்க எத்தன பேரு வந்து பஜ்ஜி தின்னுட்டுப் போனாங்க தெரியுமா? இந்த வீட்டுப் பொம்பளைகளுக்கு அது வரும்னு யாரோ ஊருக்குள்ள ஒரு வார்த்த விட்டாங்க. ஒத்த வார்த்த. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கும்மா. ரெண்டாந்தடவ நான் விட மாட்டேன்."

"இல்லைன்னு போடு பட்டதாரி" என்றார் டீச்சர். இந்த முறை அவர் உத்தரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

பதில் சொல்கிறவர் சொன்னதை மட்டும்தான் எழுத வேண்டும் என்பது விதி. எழுதினேன். பேனா அழுந்தித் தாள் கிழிந்தது.

ரோட்டுக்கு வந்ததும் கொட்டிவிட்டேன். மெதுவாகச் சொல்லவில்லை, தயவாகவும் சொல்லவில்லை. "உங்கக்கா மக என்கிட்ட கேட்டுச்சு டீச்சர், எங்கம்மாவ எந்த வீட்ல எழுதுவீங்கன்னு. அதுக்கும் கட்டி இருக்கு. ரெண்டு வீட்லயும் என் கையாலயே இல்லைன்னு எழுதியாச்சு. இப்ப நிம்மதிதான?"

நடந்துகொண்டிருந்தவர் நின்றார். "எம்புட்டு?"

"என்ன எம்புட்டு?"

"கட்டி எம்புட்டு இருக்குன்னு சொன்னா?"

"கொட்டைப்பாக்குத் தண்டி."

உச்சி வெயிலில் டீச்சர் குடையை மடக்கினார். ஏன் மடக்கினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. "எங்கக்காவும் அதத்தான் சொன்னா" என்றார். "கொட்டைப்பாக்குன்னு. என்கிட்ட மட்டும் சொன்னா. நான் யார்ட்டயும் சொல்லல. எனக்கு அப்ப ஒரு வரன் பேசிக்கிட்டிருந்தாங்க."

மடக்கின குடையோடு வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

மூன்றாம் நாள் முகாம். கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் போடுகிற பெஞ்சுகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாவு அரைக்கப் போகிறேன், கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. கார்டுகளை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தார்கள். மேஜையில் பதிவேட்டோடு கிளார்க். பக்கத்தில் நான்.

டீச்சர் வந்தார். கையில் குடை இல்லை. அந்தப் பெண்ணின் கை இருந்தது.

"கார்டு?" என்றார் கிளார்க்.

"இல்ல."

"கார்டு இல்லாம உள்ள விட முடியாதும்மா. உங்களுக்குத் தெரியாததா?" விலாசம் கேட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். "செல்லூர், இல்லை. கோச்சடை, இல்லை." என் பக்கம் திரும்பினார். "ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான?"

ஆமாம் என்று தலையாட்டினேன். "தப்பா எழுதிட்டேன் சார், திருத்திக் குடுங்க" என்றேன்.

"குடும்பத் தலைவர் வந்து சொன்னாத்தான் திருத்தலாம். அவங்களக் கூட்டிட்டு வாங்க."

இரண்டு ஆண்களும் எதற்கு வரப்போகிறார்கள்? டீச்சர் பதறவில்லை. பெஞ்சை இழுத்துப் போட்டு, தண்ணீர் கேட்கிற வீட்டுப் படியில் உட்காருவது போல உட்கார்ந்தார்.

"சார், குடும்பம்னா என்னன்னு நம்ம புஸ்தகத்துல போட்டிருக்கு?"

"ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிடுறவங்க ஒரு குடும்பம்."

"அதான். நான் நேத்து பின்கட்டுல தனி அடுப்பு வச்சுட்டேன். எங்கண்ணன் இன்னும் என்கூடப் பேசல. இவள நேத்துத்தான் எங்க மச்சான்கிட்ட, கொஞ்ச நாள் எங்கூட இருக்கட்டும்னு கேட்டுக் கூட்டியாந்தேன். ராத்திரி சோறு, காலைல உப்புமா, ரெண்டு பேருக்கும் அந்த அடுப்புலதான். வேணும்னா வந்து பாருங்க, சாம்பல் இன்னும் சுடும். அந்தக் குடும்பத்துக்குத் தலைவர் நான். எனக்கு ஒரு பாரம் போடுங்க."

கிளார்க் பேனாவைக் காதில் செருகினார், எடுத்தார். "இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன முறை?"

"மக."

"உங்களுக்குக் கல்யாணமே ஆகலையேம்மா?"

"அக்கா மக மக இல்லாம வேற யாரு? உங்க ஊர்ல எப்படி?"

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிளார்க் ஒரு புதுப் பாரத்தை என் பக்கம் தள்ளினார். "எழுதுங்க. டாக்டரம்மா ஒத்துக்கிட்டாச் சரி. நான் பொறுப்பில்ல."

பெயர், வயது, அடுப்பு, குடிதண்ணீர். பதினாறும் சரசரவென்று ஓடின. பதினேழில் பேனா நின்றது. பின் பெஞ்சில் கோச்சடைக்காரப் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள், டீச்சருக்குத் தெரிந்தவர்கள். மண்டபம் முழுக்க ஒரு காது மாதிரி இருந்தது. அந்தப் பெண் சித்தியின் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள்.

"கேளு பட்டதாரி."

வீடு வீடாகப் போய், தறிச் சத்தத்துக்கு மேலேயே அந்தப் பெயரைக் கத்தினவள் நான். வாயைத் திறந்தேன். வரவில்லை. என் கண் தானாக மேலே போனது. மண்டபத்துக் கூரையில் ஏதோ பழைய கல்யாணத்தின் காகிதத் தோரணம் தொங்கியது.

"உங்க குடும்பத்துல" என்றேன். "அந்த இது எதுவும் இல்லையே டீச்சர்?"

தலைகூட ஆட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன். டீச்சர் ஆட்டவில்லை.

"இருக்கு" என்றார். பின் பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரலில், "எங்கம்மாவுக்குப் புற்றுநோய். எங்கக்காவுக்குப் புற்றுநோய். எழுது."